தோகை இல்லாத மயில் யாருடையது

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது மூன்று, வளர்த்தது நான்கு. நான்காவது என் நாத்தனார் மகன். நால்வரிலும் என்னிடம் அதிகம் அடி வாங்கியவன் அவன்தான், இன்று அடிக்கடி வந்து பார்க்கிறவனும் அவன்தான். நான்கு பேரும் ஆரணியில் நான் அட்டை குத்திய கூலியில் சாப்பிட்டு, படித்து, ஆளானவர்கள். என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்தவர். அவர் சம்பாத்தியமும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனாலும் எங்கள் வீட்டில் உலை கொதித்தது பெரும்பாலும் என் சுத்தியல் சத்தத்தில்தான்.

எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. கையெழுத்துப் போடுவேன். பஸ் போர்டு படிப்பேன். கல்யாணப் பத்திரிகை வந்தால் எந்த வீட்டுக் கல்யாணம் என்று எழுத்துக் கூட்டிக் கண்டுபிடித்துவிடுவேன். அதற்கு மேல் பொறுமை இல்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

இதைச் சொல்வது உங்களுக்காக, கம்ப்யூட்டரில் புடவைக் கரை வரைகிற பிள்ளைகளுக்காக. போன மாதம் உங்களில் இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தீர்கள். ஒருத்தி கண் கலங்கியிருந்தாள். அவள் வரைந்த முந்தானையை யாரோ செல்போனில் படம் பிடித்துக் கொண்டுபோய் வேறு கடைக்கு நெய்யக் கொடுத்துவிட்டார்களாம். “உங்க காலத்துல இதெல்லாம் எப்பிடி ஆயா?” என்று கேட்டீர்கள். எங்கள் காலத்தில் செல்போன் இல்லை. கண் இருந்தது. திருடுவதற்கு அது போதும். அன்றைக்கு வீட்டில் விருந்தாளிகள் இருந்ததால் சரியாகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அட்டை குத்துவது என்றால் என்ன என்று உங்களில் சிலருக்கே தெரியாது. கரையில் வரும் உருவத்தை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைவார்கள். அதைப் பார்த்து, கட்டம் கட்டமாக, கெட்டி அட்டையில் உளியும் சுத்தியலும் வைத்து ஓட்டை போடவேண்டும். அந்த அட்டைகளைக் கயிற்றில் கோத்துத் தறி மேல் ஏற்றினால், எங்கே ஓட்டையோ அங்கே ஜரிகை ஏறி உருவம் விழும். அவ்வளவுதான். வரைவது ஆண்கள். குத்துவது பெண்கள். இப்படி யாரும் சட்டம் போடவில்லை. அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் பெயரைச் சொல்லமாட்டேன். மாஸ்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுபதுகளில் அவருடைய கொட்டகையில்தான் நான் சேர்ந்தேன். அவர் வரைவார், நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் குத்துவோம். அவருக்கு வாய் ஓயாது. பெண்களைக் கிண்டல் செய்துகொண்டே இருப்பார். கிண்டல் செய்த கையோடு எல்லோருக்கும் டீ வரவழைப்பார்.

ஒருமுறை புடவை நெய்யவைத்து விற்கிற முதலாளிகள் இரண்டு பேர் கொட்டகையில் வந்து கத்தினார்கள். மாங்காய் மேல் கிளி உட்கார்ந்திருக்கிற கரை. நான்தான் முதலில் போட்டேன், நீ என்னைப் பார்த்து நெய்கிறாய் என்று ஒருவருக்கொருவர் சண்டை. மாஸ்டர் இரண்டு புடவைகளையும் மடியில் விரித்துப் பார்த்தார். பிறகு சொன்னார், “மாங்கா சாமி போட்டது. கிளியும் சாமி போட்டது. மாங்கா மேல கிளி ஒக்காந்தா அதுக்கு இன்னாய்யா பட்டா? இவர் கிளி மூக்கு வேற, அவர் கிளி மூக்கு வேற. இவர் காம்பு இப்டி வளையுது, அவருது அப்டி. யாரும் யாரையும் பாத்து போடல. ஜல்தியா போய் நெய்யற வழியப் பாருங்க.” இருவரும் முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. மயில், அன்னம், மாங்காய், ருத்திராட்சம் என்று மனசில் வருகிற எண்ணம் எவருக்கும் சொந்தமில்லை. அந்த எண்ணத்தை ஒருவர் தன் கையால் தாளில் எப்படி இறக்குகிறாரோ அந்த வரைவுதான் சொந்தம். பல வருஷம் கழித்து ஒரு வக்கீல் இதையே எனக்குச் சொன்னார். நான் அதை மாஸ்டரிடமே கற்றிருந்தேன்.

மாஸ்டருக்கு இன்னொரு பழக்கம். யார் வரைந்ததாக இருந்தாலும் பறவை கண்ணில் பட்டால் முதலில் காலைத்தான் பார்ப்பார். வேலை இல்லாத நேரத்தில் நான் வீணான தாளில் வாத்தோ குருவியோ கிறுக்கிவைத்திருப்பேன். காதில் செருகிய பென்சிலை எடுத்து, காலுக்குக் கீழே ஒரு கட்டத்தைக் கருப்பாக்கிவிட்டுப் போவார். “பறந்தா பறக்கட்டும். நின்னா கால் ஊனணும். தரைக்கும் காலுக்கும் நடுவுல ஒரு கட்டம் வெள்ளையா உட்டீன்னா, அத தூக்குல மாட்டுன மாதிரி இருக்கும்.”

எண்பதுகள் வந்தபோது மாஸ்டர் ஒரு பெரிய கடைக்குச் சம்பளத்துக்கு வரையப் போய்விட்டார். நான் என் வீட்டுக்குப் பின்னால் கூரை போட்டுச் சொந்தமாக அட்டை குத்தும் கொட்டகை வைத்தேன். அவர்தான் வந்து விளக்கேற்றி வைத்தார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வந்து, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு, எங்களை நாலு கிண்டல் செய்துவிட்டுத்தான் போவார்.

என் கொட்டகையில் தவமணி என்று ஒரு பெண் இருந்தாள். பெரணமல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம், தினமும் பஸ்ஸில் வருவாள். கல்யாணம் ஆகவில்லை. சுத்தியல் அடிக்கிறபோது கூட அவள் கண் அட்டையில் இருக்காது, தாளில் இருக்கும். வீட்டுக்குப் போய் ராந்தல் வெளிச்சத்தில் அவளாகவே வரைவாள் என்பது எனக்கு ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. ஒருநாள் சாப்பாட்டுத் தூக்குக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள்.

மயில் கரை. மயில் யார்தான் போடவில்லை? ஆனால் இதில் தோகை விரித்த ஆண் மயில்கள் வரிசையாகப் போகிற இடத்தில், நாலுக்கு ஒன்று பெண் மயில். தோகை கிடையாது. குட்டையாக, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கிற மாதிரி. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தேன். ஆண் மயில் எல்லாம் ஊர்வலம் போகிற பெரிய மனுஷர்கள் மாதிரி இருந்தன. அந்தப் பெண் மயில் மட்டும் உயிரோடு இருந்தது.

எங்களுக்கு அதிக வேலை கொடுத்த முதலாளியிடம் காட்டினோம். அவர் உரக்கவே சிரித்தார். “தோகை இல்லாத மயில யாரும்மா வாங்குவா? கோழின்னு நெனச்சுக்குவாங்க.” ஆனால் தாளை வைத்துவிட்டுப் போகவில்லை. சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் வந்து நெய்து பார்க்கலாம் என்றார். தாளுக்கு விலை கொடுத்தார். அதோடு தவமணியிடம் ஒரு வார்த்தை சொன்னார். தை மாத முகூர்த்தத்துக்கு விற்பனைக்கு வரும்வரை இந்தக் கரை வெளியே தெரியக்கூடாது. நன்றாகப் போனால், “நீ அட்டை குத்துனது போதும். எனக்கு வரைஞ்சு குடு.”

அந்தத் தெருவில் எந்தப் பெண்ணிடமும் எந்த முதலாளியும் அப்படிச் சொன்னதில்லை. தவமணி அன்று சாயங்காலம் பஸ் ஏறும்போது, “யக்கா, அவரு நெஜமாத்தான் சொன்னாரா?” என்று மட்டும் கேட்டாள்.

ஆயுத பூஜை வந்தது. சுத்தியல், உளி, குத்தும் பலகை எல்லாவற்றையும் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, பலகையில் அடுக்கினோம். அட்டை குத்த முதலாளி கொடுத்த தாள் இன்னும் எங்களிடம்தான் இருந்தது. தவமணி அந்தத் தாளையும் பலகை மேல் விரித்து, ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தாள். நானும் பார்த்தேன். சாமிக்குக் காட்டாமல் வேறு யாருக்குக் காட்டுவாள் என்று விட்டுவிட்டேன். தெருவே வந்தது, பொரி வாங்கிக்கொண்டு போனது. மாஸ்டரும் வந்தார். பலகைக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். அவருக்குப் பக்தி கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கார்த்திகை முடிவதற்குள் முதலாளி ஒரு புடவையோடு வந்தார். மாஸ்டர் வேலை பார்க்கிற கடையில் வாங்கி வந்த புடவை. அதை விரித்துப் போட்டார். ஆண் மயில்கள் வரிசை. நாலுக்கு ஒன்று தோகை இல்லாத பெண் மயில். கழுத்து திரும்பியிருந்தது.

அவர் கத்தவில்லை. அது இன்னும் மோசம். தவமணியைப் பார்த்து, “எவ்ளோக்கும்மா வித்த?” என்றார்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். அவர் என் பக்கம் திரும்பினார். இவள் இங்கே இருக்கிறவரை தன்னுடைய அட்டை ஒன்றுகூட இந்தக் கொட்டகைக்கு வராது என்றார். என் கொட்டகையில் ஐந்து பெண்கள். முக்கால்வாசி வேலை அவருடையது. ஒரு நாள் அவகாசம் கேட்டேன். சரி, நாளைக்கு வருகிறேன் என்று போனார்.

அவர் போன பிறகும் நான் அந்தப் புடவையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தவமணி தாளில் ஒரு பிசகு இருந்தது. திரும்பி நிற்கிற பெண் மயிலின் ஒரு கால் தரையைத் தொடாது. ஒரு கட்டம் வெள்ளையாக நிற்கும். அட்டை குத்தும்போதே எனக்குத் தெரியும். அவளுடைய முதல் தாளில் கை வைக்கவேண்டாம் என்று விட்டிருந்தேன். இந்தப் புடவையில் அந்தக் கால் தரையில் ஊன்றியிருந்தது.

ஆரணியில் அந்த ஒரு கட்டத்தைக் கருப்பாக்குகிறவர் ஒரே ஒருவர்தான்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் எங்கள் தெருக் கோடியில் இருந்த வக்கீலிடம் தவமணியை அழைத்துக்கொண்டு போனேன். வரப்புத் தகராறு, பாகப்பிரிவினை பார்க்கிறவர். மயில் கேஸ் என்றதும் வனத்துறை விஷயமா என்று பயந்துவிட்டார். விளக்கிச் சொன்ன பிறகு அலமாரியில் தூசி தட்டி ஒரு புத்தகம் எடுத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

அவர் கேட்டதும் நாங்கள் சொன்னதும் இதுதான். தவமணிக்கு நான் எதற்குக் கூலி கொடுக்கிறேன்? அட்டை குத்த. வரைவதற்கு யாராவது சம்பளம் கொடுத்தார்களா? இல்லை. வரைந்தது எங்கே? அவள் வீட்டில், அவள் நேரத்தில். அப்படியானால் அது அவளுடையது என்றார். சம்பளத்துக்கு வரைகிற ஆளாக இருந்தால், வேறு பேச்சு இல்லாதவரை வரைந்தது முதலாளிக்குப் போகும். இவள் அப்படி இல்லை. பதிவு செய்யவேண்டாமா என்று கேட்டேன். கையிலிருந்து தாளில் இறங்கின நிமிஷமே உரிமை பிறந்துவிட்டது, பதிவு செய்தால் பின்னால் சாட்சிக்கு ஆகும், அவ்வளவுதான் என்றார்.

“ஆனா முதலாளி காசு குடுத்து வாங்கிட்டாருங்களே,” என்றேன்.

“இன்னாம்மா வாங்குனாரு? தாள வாங்குனாரு. நெய்யறதுக்கு சம்மதம் வாங்குனாரு. தாள் வேற, அதுல இருக்கிற படம் வேற. படத்தோட உரிமை கை மாறணும்னா எழுத்து வேணும். எதுனா எழுதிக் குடுத்தியாம்மா?”

தவமணி இல்லை என்றாள். “அப்ப படம் இன்னும் உன்னுதுதான். தன் பொருள தானே எப்டிம்மா திருட முடியும்?”

அந்தக் கேள்வியைக் கேட்டு அவள் முகம் மாறியதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. அதுவரை அவள் திருடி இல்லை என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். தனக்கு ஒரு பொருள் இருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

இன்னொன்றும் சொன்னார், இது உங்களுக்கு முக்கியம். தாளில் இருக்கிற படத்துக்கு ஒரு சட்டம், துணியில் நெய்கிற டிசைனுக்கு வேறு சட்டம், வேறு பதிவு. அந்தப் பதிவைத் துணி கடைக்கு வருவதற்கு முன்னால் செய்யவேண்டும். ஊர் பார்த்த பிறகு போனால் ஏற்கமாட்டார்கள். பதிவில்லாமல் நெய்துகொண்டே போனால், ஓர் எண்ணிக்கைக்கு மேல் படத்தின் உரிமையும் போய்விடும். இந்தப் பிள்ளையின் புடவை இன்னும் கடைக்கே வரவில்லை என்பதால் படத்தின் உரிமை முழுசாக நிற்கிறது, பார்த்துப் போட்டவர்களுக்கு நோட்டீஸ் அனுப்பலாம் என்று முடித்தார்.

திரும்பி நடந்து வரும்போது தவமணிக்கு நோட்டீஸ் பேச்சுதான். கோட்டை மைதானம் வந்ததும் நான் நின்றேன். யார் போட்டது என்று எனக்குத் தெரியும் என்றேன். காலைப் பற்றிச் சொன்னேன்.

அவளும் நின்றாள். பிறகு, “முதலாளி எதிர்லயே தெரிஞ்சிகினு தான் சும்மா இருந்தியாக்கா?” என்றாள்.

“அங்க சொல்லியிருந்தா மாஸ்டர் பேரு போயிருக்கும் தவமணி.”

“என் பேரு போனா பரவால்லியா?”

அவள் கேட்டது சரிதான். நோட்டீஸ் எங்கேயும் ஓடிப்போகாது, முதலில் அவர் முகத்தைப் பார்த்துக் கேட்போம் என்றேன். அவர் மறுத்தால் வக்கீலிடம் நானே அவளோடு வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். சொன்னது வாய்க்குத்தான் சுலபம். எனக்கு உளி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவரை எதிர்த்துச் சாட்சி சொல்வதாக இருந்தது அது.

மாஸ்டர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சம்சாரம் எங்களையும் சாப்பிடச் சொன்னார். நான் சுற்றி வளைக்கவில்லை. மயிலை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் மறைக்கவும் இல்லை. சந்தோஷமாகவே சொன்னார். “உன் கொட்டாயிலதான். நல்லா இருந்துச்சு. சாமி முன்னால வெச்சிருந்தீங்க. பொரி எடுத்துகினேன், சுண்டல் எடுத்துகினேன், மயிலயும் எடுத்துகினேன்.”

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அது அவருடைய கணக்கு. கோயில் தூணில் இருக்கிற யாளியை யாரைக் கேட்டு வரைகிறோம்? சாமிக்கு முன்னால் வைத்தது எல்லோருக்கும் பொது. அவர் வாத்தியாரும் அவருக்கு அப்படித்தான் சொல்லியிருப்பார். தூணைச் செதுக்கியவர் போய் எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. பெண் மயிலைப் போட்டவள் உயிரோடு அவர் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். அந்த வித்தியாசம் அவருக்குத் தோன்றவே இல்லை.

தவமணி மெதுவாகத்தான் பேசினாள். “பொரி நாங்க கைல எடுத்துக் குடுத்தோம் மாஸ்டர். மயில யாரு குடுத்தது?”

“இன்னாம்மா நீ. கால் அந்தரத்துல தொங்கிகினு இருந்துது. நான்தான தரையில நிக்க வெச்சேன்?”

“கால் உங்களுதுதான். மயில் என்னுது.”

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அவர் பக்கம் பேசுவேன் என்று எதிர்பார்த்தார். உள்ளேயிருந்து அவர் சம்சாரம்தான் பேசினார். “ஏன்யா, எங்கம்மா வெச்சு அனுப்புற கொழம்புல நான் உப்பு பாத்துப் போடறேன். அதுக்காக நான் வெச்சதுன்னு சொன்னா உட்டுடுவியா நீ? ஊரு பூரா சொல்லி சிரிக்க மாட்ட?”

அவர் சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. இந்தக் கரையால் முதலாளி தன்னைச் சந்தேகப்படுகிறார், நாளையோடு வேலை போகிறது என்று தவமணி சொன்னாள். மாஸ்டர் தட்டைத் தள்ளி வைத்தார். போங்கள், பார்க்கலாம் என்றார். அவர் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை. எழுந்துவிட்டார்.

மறுநாள் முதலாளி வந்தார். முகத்தில் கோபம் இல்லை, ஒரு மாதிரி சிரிப்பு. காலையில் மாஸ்டர் அவர் கடைக்கே போயிருக்கிறார். அந்தப் பெண் வரைந்ததைப் பார்த்துத்தான் நான் போட்டேன், அவள் விற்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

தவமணி பலகையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது முதலாளி சொன்னார், “உங்க மாஸ்டர் தங்கமான மனுஷன்மா. வேலை கத்துக் குடுத்த கொட்டாய்க்கு கெட்ட பேரு வரக்கூடாதுன்னு பழிய தன் தலைல போட்டுக்கறாரு. அந்தக் கை ஒரு அட்டை குத்துற பொண்ணப் பாத்து வரையுமா? இவதான் அவருதப் பாத்து எனக்கு வித்திருக்கா.”

பாருங்கள். உண்மையை வாய் விட்டுச் சொல்லியும் பலிக்கவில்லை. பெண் குத்துவாள், ஆண் வரைவான் என்று ஊறிப்போனவருக்கு, வரைந்தவள் அவள்தான் என்பது காதில் ஏறவே இல்லை. நான் வக்கீல் சொன்னதை எடுத்துச் சொன்னேன். உரிமை எழுத்தில் மாறவில்லை, அதனால் படம் அவளுடையது என்றேன். “மொதல்ல அவ போட்டதுன்னு ஆகட்டும், அப்புறம் சட்டம் பேசு,” என்றார். அதுவும் நியாயம்தான். யார் வரைந்தது என்று நிலைநாட்டாமல் சட்டத்தை வைத்து என்ன செய்வது?

அந்த நேரத்தில் மாஸ்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். மூச்சு வாங்கியது. முதலாளி தன்னை நம்பவில்லை என்று அவருக்குக் கடையிலேயே தெரிந்துவிட்டிருந்தது. உட்காரக்கூட இல்லை.

“முதலாளி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தப் பொட்ட மயில் எதுக்குத் திரும்பிப் பாக்குது?”

“நீங்கதான போட்டீங்க, நீங்க சொல்லுங்க.”

“எனக்குத் தெரியாது. கழுத்து வளைவு நல்லா இருந்துச்சு, போட்டேன். ஏன்னு தெரியாது. அவளக் கேளுங்க.”

எல்லோரும் தவமணியைப் பார்த்தோம். எனக்கும் தெரியாது, நானும் கேட்டதில்லை. அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“குஞ்சுங்களப் பாக்குது,” என்றாள்.

புதிதாக ஒரு கட்டத் தாளை எடுத்து உட்கார்ந்தாள். அவள் ஊரில் அறுவடை முடிந்த கழனிக்கு மயில் வரும். ஆண் மயில் தன் பாட்டுக்கு முன்னால் போய்விடும். பெண் மயில்தான் வரப்பு ஏறினதும் நின்று, குஞ்சு எல்லாம் ஏறிவிட்டதா என்று திரும்பிப் பார்க்கும். அதைச் சொல்லிக்கொண்டே வரைந்தாள். கரைதான் வரப்பு. புடவை உடல்தான் கழனி. உடலில் பூ வரவேண்டிய இடத்தில் குஞ்சுகள். ஒன்று குனிந்து பொறுக்குகிறது, ஒன்று ஓடுகிறது. ஒன்று ரொம்பத் தூரத்தில், முந்தானைக்குப் பக்கத்தில், தனியாக வழி தவறி நிற்கிறது. பென்சில் ஓர் இடத்தில்கூடத் தயங்கவில்லை.

முதலாளி குனிந்தவர் நிமிரவில்லை. அவர் வாங்கியது பாதிப் புடவை என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. மாஸ்டர் எடுத்துக்கொண்டு போனதும் பாதிதான்.

“இத ஏம்மா அப்பவே காட்டல?” என்றார்.

“மயிலுக்கே கோழின்னு சிரிச்சீங்க. குஞ்சக் காட்டியிருந்தா எந்திரிச்சே போயிருப்பீங்க.”

மாஸ்டர்தான் முதலில் சிரித்தார். முதலாளியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தாளைச் சுருட்டக் கை நீட்டினார், பழக்கம் அப்படி. தவமணி தாள் மேல் தன் கையை வைத்தாள். “கேட்டுட்டு எடுத்துக்குங்க,” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அவர் கையை எடுத்துக்கொண்டார். ஒரு கணம் கழித்து, “சரி, கேக்கறேன்,” என்றார்.

அன்றைக்கே கடைக் கணக்குப்பிள்ளை வந்து எழுதினார். வரைந்தது தவமணி. அந்த வருஷ முகூர்த்தத்துக்கு இந்த முதலாளி மட்டும் நெய்துகொள்ளலாம். அதற்கு மேல் வேண்டுமானால் மறுபடி அவளைக் கேட்கவேண்டும். கடைக்குப் போவதற்கு முன்னால் துணிக்கான பதிவை அவள் பெயரில் அவர் செய்து தரவேண்டும், ஆண் மயில் வரிசை வெளியே போய்விட்டதால் குஞ்சு போட்ட உடலுக்காவது. அவள் இரண்டு தடவை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்கு நானும் போட்டேன், கொஞ்சம் பெரிய எழுத்தாகவே.

மாஸ்டர் கொட்டகை வாசலிலேயே நின்றிருந்தார். தவமணியிடம் போய், தன் கடைத் தறிகளில் ஏற்கெனவே ஏறின பாவு நூல் முடிகிறவரை மட்டும் விடுவாயா, நெசவாளிகள் பாவம் என்று கேட்டார். தன் வயசில் பாதிகூட ஆகாத பெண்ணிடம் அனுமதி கேட்டார். விடுகிறேன் என்றாள். உங்கள் முதலாளியிடம் யார் போட்டது என்று சொல்லிவிடுங்கள் என்றாள்.

“சொல்லிட்டுத்தான் வந்தேன்.”

அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்டேன். “இந்தப் பொங்கலுக்கு வேட்டி வராது,” என்றார். கடையில் வருஷா வருஷம் கொடுக்கிற வேட்டி. அவருடைய கடையில் அவருக்கு அதன் பிறகு பழைய மரியாதை இல்லை என்று எனக்குப் பின்னால் தெரிந்தது.

கிளம்பினவரைத் தவமணி கூப்பிட்டாள். “மாஸ்டர், கால் ஊனினது நல்லா இருக்குது. அத நான் எடுத்துக்கட்டா?”

மாஸ்டர் காதிலிருந்த பென்சிலை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவளே அந்த ஒரு கட்டத்தைக் கருப்பாக்கினாள். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் சைக்கிளில் ஏறினார்.

தவமணி பிறகு என் கொட்டகையில் சுத்தியல் தொடவில்லை. கலசப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்தார்கள். அங்கிருந்தும் பல வருஷம் தாள் அனுப்பிக்கொண்டிருந்தாள், ஒவ்வொன்றின் கீழேயும் பெயரும் வருஷமும் போட்டு. மாஸ்டர் பெயரை ஏன் சொல்லவில்லை என்று பேத்தி கேட்கிறாள். சொல்லவேண்டிய இடத்தில், சொல்லவேண்டிய ஆளிடம் அவரே சொல்லிவிட்டார். நான் மறுபடி சொல்ல அவர் எனக்கு அனுமதி தரவில்லை.

கண் கலங்கி வந்த பிள்ளையே, உனக்குத்தான் சொல்கிறேன். உன் முந்தானை உன்னுடையதுதான், அதற்கு எவர் முத்திரையும் வேண்டாம். நீ ஏதாவது கடையில் சம்பளத்துக்கு வரைகிறாயா, தனியாக வரைகிறாயா என்று முதலில் பார். எதையாவது எழுதிக் கொடுத்திருந்தால் எடுத்துப் படி. அதில் இன்னும் நெய்யாமல் உன் மனசில் என்ன வைத்திருக்கிறாய் என்று யோசி. எடுத்தவர் யார் என்று தெரிந்தால் நேரே போய்க் கேள். அவர் கெட்டவராக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. கேட்டும் கொடுக்காவிட்டால் வக்கீலிடம் போ. துணைக்கு ஆள் வேண்டுமானால் என்னைக் கூப்பிடு, முழங்கால் வலி இருந்தாலும் வருவேன்.

பேத்தி எழுதி முடித்துவிட்டாள். நான் சொன்னதை அங்கங்கே கொஞ்சம் திருத்தி எழுதியிருக்கிறாளாம், படிக்கிறவர்களுக்குப் புரியவேண்டும் அல்லவா என்கிறாள்.

எங்க, மொதல்லேர்ந்து படி கண்ணு. நீ திருத்துன எடம் வந்தா நிறுத்திச் சொல்லு. நல்லா இருந்தா வெச்சிக்கலாம், கீழ உன் பேரையும் போட்டுடலாம்.